நிறுத்தும் பாகம், எண்ணிக்கை ஒன்று

அக்காவை அந்தக் கழகத்தில் வேலைக்கு எடுத்தது பலகை தூக்க. மூன்று வருஷமாக அவள் பார்க்கிற வேலை, மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. காலை எட்டரைக்குப் பிடித்தால் சாயங்காலம் ஐந்துக்கு விடுவாள். நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி. ஒன்றுக்குப் போகவேண்டுமென்றால் மெஷின் கையிலிருக்கிற பலகையை வெட்டி முடிக்கிற வரை காத்திருந்து, ‘இயந்திரம் நின்ற காரணம்’ என்று அச்சடித்த நோட்டில் காரணத்தை எழுதிவிட்டுப் போகவேண்டும். எழுதக் கூச்சப்பட்டு அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மேஜை நாற்காலி செய்து கொடுக்கும் பொதுக் கழகம் அது. கீழே பட்டறை, மேலே இரண்டு மாடி ஆபீஸ். பட்டறையில் பலகை வெட்டும் ரூட்டர் மெஷின் ஒன்று. அதை ஓட்டுகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. மெஷினுக்கு மூளையாக இருக்கிற கன்ட்ரோலர் பெட்டிக்கு வயது பதினெட்டு. அதற்கு ஒரு கெட்ட பழக்கம். நிறுத்து என்று சிவப்புப் பட்டனை அழுத்தினால் உடனே நிற்காது. வாயில் போட்டதை மென்று முடித்துவிட்டுத்தான் நிற்கும். ஏற்கெனவே வாங்கி வைத்த பத்துப் பதினைந்து கட்டளைகளை வெட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் நிதானமாக, ‘என்ன கூப்பிட்டீர்களா’ என்பது போல நிற்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பிடி கழன்று எகிறிய பலகையைத் தம்பி இடது கையால் அமுக்கினான், வலது கையால் பட்டனை அடித்தான். மெஷின் மென்றது. மோதிர விரலில் பாதி போயிற்று. மோதிரம் பலகைத் தூளுக்குள் கிடந்தது. பெருக்குகிறவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

கட்டுப் பிரித்து வந்த முதல் நாளே தம்பி ஒரு கயிறு எடுத்தான். ஒரு முனையை மெயின் சுவிட்சின் கைப்பிடியில் கட்டினான், மறு முனையை இடுப்பில் கட்டினான். ஆபத்தென்றால் பின்னால் ஓர் எட்டு வைத்தால் போதும், கைப்பிடி இறங்கிவிடும். பாதுகாப்பு அதிகாரி மறுநாளே வந்து கயிற்றை அவிழ்த்தார்.

“இது அனுமதியில்லாத மாற்றம். சுவிட்சோட எதையும் இணைக்கக் கூடாது.”

“அப்ப யாராவது ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நின்னா சார்?”

“மனுஷன் நிக்கிறதுல மாற்றம் எதுவும் இல்லையே” என்றார் அதிகாரி. அவர் ரொம்ப நேர்மையானவர்.

அக்கா பலகையைக் கீழே வைத்துவிட்டு வந்து கைப்பிடியைப் பிடித்தாள். கட்டரின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. ஆகவே கயிற்றின் ஒரு முனை தம்பி இடுப்பில், மறு முனை அக்காவின் மணிக்கட்டில். அவன் விலகினால் அவள் இழுப்பாள். பட்டறையில் அவளுக்கு ‘சுவிட்சக்கா’ என்று பெயராகிவிட்டது. தினமும் காலையில் தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று சொல்லுவாள்: “அண்ணி, ஒன்பதரை விரலோட அனுப்புறேன். சாயங்காலம் எண்ணித்தான் உள்ள விடுவேன்.”

“எண்ணிக்க, எண்ணிக்க. அரை குறைஞ்சாலும் என் கையில ஒண்ணு வெட்டித் தர்றேன்” என்பாள் அக்கா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். 

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டடத்துக்கே அந்த ஒரு மெயின் சுவிட்சுதான். அவள் இழுத்தால் மெஷின் மட்டும் நிற்காது; மேலே இரண்டு மாடியும் இருண்டுபோகும். மூன்று வருஷத்தில் பதினொரு முறை இழுத்திருந்தாள். பதினொரு முறையும் ஒரு கை தப்பியது. பதினொரு முறையும் மாடியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிவேட்டில் அந்தப் பதினொன்றும் ‘மின்தடை’ என்று ஏறின.

தம்பி கன்ட்ரோலரை மாற்றச் சொல்லி எழுதிப்போட்டான். ஒரு வருஷம் கழித்து, மாற்றலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. அதன் தலைவர் பட்டறைப் பக்கம் வந்ததில்லை. தூசு அவருக்கு ஆகாது. ஆகவே பட்டறையைப் புகைப்படம் எடுத்து மேலே கொண்டுபோய்க் காட்டினார்கள். முதல் கூட்டத்தில் புகைப்படம் எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டது என்று பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில் வேறு கோணத்தில் எடுக்கச் சொன்னார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை. நின்று பழகிய கால்கள், அக்காவுக்கு அது உறைக்கவில்லை.

“கடந்த மூணு வருஷத்துல எத்தனை விபத்து?” என்று கேட்டார் தலைவர்.

“ஒண்ணும் இல்லை சார். அக்கா நிக்கிறாங்க” என்றான் தம்பி.

தலைவர் குழுவைச் சுற்றிப் பார்த்தார். “விபத்து பூஜ்யம். இதை அவரே சொல்றார், நான் சொல்லலை. அப்போ இப்ப இருக்கிற ஏற்பாடு நல்லா வேலை செய்யுதுனுதானே அர்த்தம்?”

“சார், பதினொரு தடவை தப்பிச்சிருக்கேன்.”

“அது மின்தடை. பதிவேட்டுல இருக்கு. மின்தடைக்குத் தனிக் குழு இருக்கு, அதுக்கும் நான்தான் தலைவர். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.” அப்புறம் கரிசனமாக முன்னால் குனிந்தார். “தம்பி, நான் தொழிலாளி பக்கம் நிக்கிறவன். உங்களுக்கு உதவத்தான் பார்க்கிறேன். ஆனா குழுவுக்கு ஆதாரம் வேணும். உங்களால ஒரு விபத்தைக் காட்ட முடியுமா? பெருசா வேணாம். சின்னதா ஒண்ணு.”

தம்பி இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

“அது குழு அமையறதுக்கு முந்தினது” என்றார் தலைவர், வருத்தத்தோடு.

இறங்கி வரும்போது அக்கா படிக்கட்டில் நின்றாள். “அந்தாளு உன்கிட்ட விரல் கேட்டான்டா. காய்கறிக்காரன்கிட்ட கொசுறு கேக்கிற மாதிரி கேட்டான்.”

“விடுக்கா.”

“என்னை விடுறதுக்கா வச்சிருக்காங்க? பிடிச்சுக்கிட்டு நிக்கத்தானே?”

குழு அறிக்கை எழுதியது. ‘இயந்திரத்தில் மூன்றாண்டுகளாகச் சிறப்பாகச் செயல்படும் நிறுத்தும் பாகம் ஒன்று உள்ளது.’ இதைப் படித்த தணிக்கைக்காரர்கள், அப்படியொரு பாகம் இருப்புப் பட்டியலில் இல்லையே என்று கேள்வி போட்டார்கள். கேள்வி வந்தால் பதில் போகவேண்டும். ஒருநாள் காலை ஸ்டோர் பொறுப்பாளர் ஸ்டிக்கர் தாளோடு வந்தார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. சட்டையில ஒட்டணும்.”

‘நிறுத்தும் பாகம். எண்ணிக்கை: ஒன்று. நிலை: நன்று.’ அக்கா வேலைக்குப் போட்டுக்கொள்ளும் மேல்சட்டையின் பையில் அதை ஒட்டினார். ஒட்டிவிட்டு இரண்டு தட்டுத் தட்டினார், பீரோவில் ஒட்டினால் தட்டுவது போல. பிறகு சுவிட்சுக்கு மேலே ஒரு பலகை மாட்டினார்: ‘பட்டியலிடப்பட்ட பாகம் தவிர வேறு யாரும், எதுவும் இந்தக் கைப்பிடியைத் தொடக் கூடாது. மீறினால் பணிநீக்கம்.’ கீழே பொது மேலாளரும் குழுத் தலைவரும் பாதுகாப்பு அதிகாரியும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பலகையையும் தம்பியின் மெஷின்தான் வெட்டியது. எழுத்துகள் வெகு அழகாக வந்திருந்தன.

அடுத்த மாதம் அக்காவுக்கு முழங்கால் வீங்கியது. அரைநாள் விடுப்புக் கேட்டு எழுதினாள். பாகங்களுக்கு விடுப்பு என்ற இனம் இல்லை, பராமரிப்பு மட்டுமே உண்டு என்று பதில் வந்தது. பதிலுக்குப் பின்னாலேயே பராமரிப்புப் பிரிவு ஆள் எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றார். நல்ல மனுஷர், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார்.

“அக்கா... எண்ணெய் விடணும்னு எழுதியிருக்கு. எங்க விடட்டும்?”

“மாடிக்குப் போ. எவன் எழுதினானோ அவன் மண்டையில விடு. துரு அங்கதான் பிடிச்சிருக்கு.”

“கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. விட்டாச்சுனு எழுதிக்கிறேன்.”

கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அவள் முழங்கால் பதிவேட்டில் நல்லபடியாக இருந்தது.

இதற்கிடையில் தலைவர் ஒரு கண்காட்சிக்குப் போய் வந்தார். அங்கே புது கன்ட்ரோலர் ஒன்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தின் விளைவாக இரண்டு மாதத்தில் மரப்பெட்டி ஒன்று பட்டறையில் வந்து இறங்கியது. உள்ளே புது கன்ட்ரோலர். கூடவே அதைப் பொருத்த ஒரு ஃபிட்டர். தம்பி ஓடிப்போய்ப் பெட்டியைத் தடவிப் பார்த்தான். பெட்டியில் அரக்கு முத்திரை இருந்தது.

“பெட்டி வந்துட்டதால முடிவு எடுத்தாச்சுனு யாரும் நினைச்சுக்கக் கூடாது” என்று மாடியிலிருந்து சுற்றறிக்கை வந்தது.

ஃபிட்டர் அக்காவிடம் கேட்டார்: “ஏங்க, மூணு மணி நேர வேலை. மெயினை இறக்கினா போதும். அதுக்கு என்ன இவ்வளவு?”

“மெயினை இறக்கினா மேல ஏசி நிக்கும்.”

“நின்னா?”

“நின்னா குழு வேர்க்கும். வேர்த்தா முடிவு எடுக்க முடியாது. முடிவு எடுக்காம மெயினை இறக்கக் கூடாது.”

ஃபிட்டர் சிரித்தார். பதினோராம் நாள் அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டி மேல் உட்கார்ந்து, அக்காவின் மணிக்கட்டில் கயிறு உராய்ந்து கறுத்துப்போன வளையத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் அந்தக் கூட்டம் வந்தது. அக்காவை மட்டும் மேலே கூப்பிட்டார்கள். அறை குளிர்ந்து கிடந்தது. தலைவர் எழுந்து நின்று மைக்கில் பேசினார், மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தது மொத்தமே ஆறு பேர் என்றாலும்.

“நண்பர்களே, மாற்றத்துக்கு நாம எதிரி இல்லை. மாற்றம்கிற வார்த்தை நம்ம குழுவோட பேர்லயே இருக்கு. ஆனா விதி என்ன சொல்லுது? பழைய பாகம் பயனற்றதுனு அறிவிச்ச பிறகுதான் புதுப் பாகத்தைப் பொருத்தலாம். புது கன்ட்ரோலர்ல நிறுத்தும் வசதி இருக்கு. அப்ப, இருக்கிற நிறுத்தும் பாகத்தை நாம கழிக்கணும். நான் விதியை உண்டாக்கினவன் இல்லை. விதிக்கு முன்னாடி நான் ரொம்பச் சின்னவன். நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நிறுத்தும் பாகம், எண்ணிக்கை ஒன்று, பயனற்றதுனு அறிவிக்கிறேன்.”

ஆறு பேரும் மேஜையைத் தட்டினார்கள்.

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. “அப்ப நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குப் புதுசைப் போட்டுருவீங்களா சார்?”

“அது அடுத்த கூட்டத்துல. முதல்ல கழிக்கணும், அப்புறம்தான் பொருத்தறதைப் பத்தி யோசிக்க முடியும்.”

“அதுவரைக்கும் மெஷின் நிக்குமா?”

“எப்படி நிக்கும்? அறுநூறு பெஞ்சு பாக்கி இருக்கே.”

“அப்ப என் தம்பி கை?”

தலைவர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி குறிப்பைப் பார்த்துச் சொன்னார்: “இடைக்காலத்துல எச்சரிக்கையா இருக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பறோம்.”

“சார், நான் ஒண்ணு சொல்லலாமா?”

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா” என்றார் தலைவர், உண்மையிலேயே மென்மையாக. “பாகங்களோட கருத்தைப் பதிவு பண்ண நடைமுறையில இடமில்லை.”

அக்கா வாயை மூடிக்கொண்டாள். படி இறங்கும்போது சுவரில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.  ஒரு கன்னத்தில் விழவேண்டியது அது.

அன்று சாயங்காலம் தம்பி பெண்டாட்டி விரலை எண்ணிவிட்டு, “நாளைக்கு?” என்று கேட்டாள். தம்பி சொல்லியிருக்கிறான் போல.  அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடித்தாள். கயிற்றைக் கட்டிக்கொண்டாள். ஸ்டிக்கரைத் தடவி ஓரம் தூக்கியிருந்ததை அழுத்திவிட்டாள். மணி பதினொன்றரை. பதினொன்றே முக்கால். மாடியில் மின்தடைக் குழுவின் கூட்டம். தலைவரின் குரல் மைக்கில் கீழே வரை கேட்டது. தம்பி ஒரு பெஞ்சுப் பலகையை வெட்டி முடித்து அடுத்ததை ஏற்றப்போனான்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அக்கா கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

கட்டர் சுழன்று ஓய்ந்தது. மேலே மைக் ஒரு வார்த்தையின் நடுவில் செத்தது. தம்பி திரும்பிப் பார்த்தான்.

“நான் இழுக்கலையேக்கா?”

“நான்தான் இழுத்தேன்.” மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். ஓரத்தில் கிடந்த கவிழ்த்த வாளி மேல் போய் உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

பத்து நிமிஷத்தில் மாடியே இறங்கி வந்தது. தலைவருங்கூட, மூக்கில் கைக்குட்டையோடு. பொது மேலாளர் பட்டறை எலக்ட்ரீஷியனைப் பார்த்துக் கத்தினார்: “என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கிறே? மேல ஏத்து!”

எலக்ட்ரீஷியன் கையை நீட்டி, பலகையைப் படித்து, கையை இழுத்துக்கொண்டார். “பட்டியல்ல இருக்கிற பாகம் மட்டும்தான் தொடலாம்னு போட்டிருக்கு சார். மீறினா வேலை போகும். உங்க கையெழுத்துதான்.”

“அப்ப அந்தப் பாகத்தை ஏத்தச் சொல்லு!”

ஸ்டோர் பொறுப்பாளர் மெல்லக் கனைத்தார். “பன்னிரண்டு மணியோட கழிச்சாச்சு சார். இப்ப மணி பன்னிரண்டு பத்து.”

பொது மேலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். நேர்மையான அதிகாரி சொன்னார்: “கழிச்ச பாகத்தை உபயோகிக்கிறது விதிமீறல்.”

பொது மேலாளர் வாளிக்கு எதிரே வந்து குனிந்தார். “அம்மா, விளையாடாதீங்க. எழுந்திருச்சு வந்து ஏத்துங்க.”

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு விரலால் ஸ்டிக்கரைக் காட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

“பதில் சொல்லுங்கம்மா!”

“பாகம் பேசாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே சார்” என்றான் தம்பி, தலைவரைப் பார்த்து.

யார் தொடலாம் என்று முடிவெடுக்க அவசரக் கூட்டம் கூடியது. இருட்டில் மாடி ஏறினார்கள். ஜன்னல்கள் ஏசிக்காக ஆணியடித்து மூடப்பட்டிருந்தன. புதுப் பட்டியல் தயாரிக்கலாம் என்றார் ஒருவர். பட்டியலை அச்சடிக்க மின்சாரம் வேண்டும் என்றார் இன்னொருவர். கையால் எழுதலாமா என்று விதிப் புத்தகத்தைத் தேடினார்கள். விதிப் புத்தகம் கம்ப்யூட்டரில் இருந்தது.

கீழே ஃபிட்டர் பெட்டியை விட்டு எழுந்தார். “ஏங்க, கரண்ட்டை இறக்கத்தானே அனுமதி கேட்டோம்? தானா இறங்கிக் கிடக்குற நேரத்துல வேலை பார்க்க அனுமதி வேணுமா?”

எல்லோரும் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் மட்டும் மேலே போகவில்லை. நெடுநேரம் யோசித்தார். “அப்படி ஒரு விதி இல்லை” என்றார். சொல்லிவிட்டு, அரக்கு முத்திரை உடைகிற சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

ஷட்டரைத் தூக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டார்கள். ஃபிட்டரும் தம்பியும் பழைய பெட்டியைக் கழற்றினார்கள். பதினெட்டு வருஷத்து மரத்தூள் அடை அடையாக விழுந்தது. ஒயர் ஒவ்வொன்றாக இடம் மாறியது. எலக்ட்ரீஷியன் டார்ச் பிடித்தார். எண்ணெய்க் குப்பிக்காரர் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தார். சொன்னபடியே மூன்று மணி நேரம். அதுவரை அக்கா வாளியை விட்டு நகரவில்லை, பேசவில்லை.

“அக்கா, முடிஞ்சுது” என்றான் தம்பி.

அக்கா எழுந்தாள். முழங்கால் வலித்தது. போய்க் கைப்பிடியை மேலே தள்ளினாள். மாடியில் விளக்கு வந்தது. வேர்த்துப்போன ஏழு பேர் தங்கள் முயற்சியால்தான் வந்தது என்று நினைத்துக் கைதட்டியது கேட்டது. கீழே கட்டர் சுழன்று பலகைக்குள் இறங்கியது. பாதி வெட்டில் தம்பி சிவப்புப் பட்டனைத் தொட்டான்.

நின்றது. மெல்லவில்லை, யோசிக்கவில்லை. தொட்ட இடத்திலேயே நின்றது.

 தம்பி மறுபடி ஓட்டி மறுபடி நிறுத்தினான். நான்காவது முறை அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது. “இவ்வளவுதானாக்கா?” என்றான். “மூணு வருஷமா... இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்டா.”

கயிற்றைச் சுருட்டி ஸ்டோர் பொறுப்பாளரின் கையில் வைத்தாள். “இதையும் பட்டியல்ல ஏத்திக்குங்க. விட்டுப்போச்சுனு நாளைக்குக் கேள்வி வரும்.” பிறகு ‘இயந்திரம் நின்ற காரணம்’ நோட்டைத் திறக்காமல், மெதுவாக, கைவீசிக்கொண்டு கழிப்பறைக்கு நடந்தாள். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷ அறிக்கையில் தலைவரின் படம் வந்தது. ‘குழுவின் துரித நடவடிக்கையால் கன்ட்ரோலர் மாற்றம், மூன்றே மணி நேரத்தில்.’ அக்காவுக்கு ஒரு குற்றப்பத்திரிகை வந்தது. கழிக்கப்பட்ட பாகத்தைத் தன்னிச்சையாக இயக்கியது, குழுவை இருட்டில் வைத்தது என்று இரண்டு குற்றம். குற்றம் சாட்டவேண்டுமென்றால் ஊழியராக இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே அவளை மறுபடி ஊழியர் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். பலகை தூக்குபவர் என்று.

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். “பாத்தியா,” என்றாள் தம்பியிடம், “நிக்கிறப்ப பாகம். திட்டுறதுக்குத்தான் ஆள் வேணுமாம்.”

பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து இடத்தில், மேல்சட்டையிலிருந்து ஸ்டிக்கரை உரித்து ஒட்டினாள். இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு பலகை தூக்கப் போனாள்.

சாயங்காலம் தம்பி பெண்டாட்டி வாசலிலேயே நின்றிருந்தாள். பழக்கதோஷத்தில் அவன் கையைப் பிடித்து எண்ணத் தொடங்கினாள்.

“இனிமே என்கிட்ட கணக்குக் கேக்காத” என்றாள் அக்கா. “உள்ள போய்த் தண்ணி கொண்டா. பெரிய சொம்புல.”